படம் இருக்கிறது, எங்கே இருக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து அண்மையில் வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைப் பற்றியவை. கணினியிலும் கைப்பேசியிலும் சேர்ந்துவிட்ட படங்களை எப்படி ஒழுங்குபடுத்துவது, வேண்டும்போது எப்படித் தேடி எடுப்பது, எப்படிக் கெடாமல் காப்பது என்று அவை கேட்கின்றன. ஆகவே இந்த இதழின் பகுதியை முழுவதும் அதற்கே ஒதுக்கியுள்ளோம். எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்து ஊரை மட்டும் குறித்திருக்கிறோம்.

கேள்வி: அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, ஊத்தங்கரை வட்டாரங்களில் உள்ள நடுகற்களையும் கல்வெட்டுகளையும் பணியில் இருந்த காலம் தொட்டுப் படம் எடுத்து வருகிறேன். ‘நடுகல் புதியது’, ‘வேடியப்பன் 2’, ‘நியூ ஃபோல்டர்’ என்று கோப்புறைகள் பெருகிவிட்டன. ஆய்வு மாணவர் யாரேனும் வந்து, “புலியோடு போரிடும் வீரன் உள்ள கற்களைக் காட்டுங்கள் ஐயா” என்று கேட்டால் அரை நாள் தேட வேண்டியிருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
— ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், அரூர்

பதில்: அந்த மாணவர் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்கலாம். கல்லில் என்ன செதுக்கப்பட்டிருக்கிறது என்பதை வைத்து அவர் கேட்டார். அடுத்து வருபவர் ஊரின் பெயரைச் சொல்லிக் கேட்பார். இன்னொருவர் வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்து உள்ளவை மட்டும் போதும் என்பார். பல்லவர் காலத்தவை எவை என்று கேட்பவரும் உண்டு. ஒரு படம் ஒரு கோப்புறைக்குள்தான் இருக்க முடியும். கேள்விகளோ எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகின்றன. ஆகவே கோப்புறையின் பெயரைக் கொண்டே எல்லாக் கேள்விக்கும் விடை காணும் முயற்சியை விட்டுவிடுங்கள். ஆண்டுக்கு ஒரு கோப்புறை, அதற்குள் படம் எடுத்த நாளுக்கு ஒன்று என்ற அளவில் நிறுத்திக்கொண்டு, மற்ற அனைத்தையும் ஒவ்வொரு படத்தோடும் சேர்த்துவைக்கும் விவரக்குறிப்பில் எழுதுங்கள். படம் எடுத்த தேதியை ‘2019-03-17’ என ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் எழுதினால், கணினி அகரவரிசைப்படி அடுக்கும்போது கால வரிசையும் தானாகவே அமைந்துவிடும்.

கோப்புக்குப் பெயரிடுவதிலும் இதே சிக்கனம் வேண்டும். எடுத்த நாளும் ஒரு தொடர் எண்ணும் போதும். கேமரா தானாக இடும் எண்ணை அப்படியே விட்டுவிடக் கூடாது. பெரும்பாலான கேமராக்களில் அது 9999ஐத் தொட்டதும் மறுபடியும் 0001லிருந்து தொடங்கும். ஒரே பெயருள்ள இரண்டு கோப்புகளை ஒரே இடத்தில் நகலெடுக்கும்போது ஒன்றின் மேல் மற்றொன்று எழுதப்பட்டு, பழைய படம் அழிந்துபோகக்கூடும்.

விவரக்குறிப்பில் எவற்றை எழுத வேண்டும் என்பதற்குச் சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் வகுத்த வழி இன்றும் கைகொடுக்கிறது. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அவர், நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிப்பதற்கு 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையை விரித்துச் சென்றபோது, எந்தப் பொருளையும் ஆளுமை, பொருண்மை, செயல், இடம், காலம் என்னும் ஐந்து முகங்களாகப் பிரித்துப் பார்க்கலாம் என்றார். உங்கள் தொகுப்புக்கு இது சட்டை தைத்தாற்போலப் பொருந்தும். இது என்ன: நடுகல். எதனால் ஆனது: பலகைக்கல். என்ன நிகழ்வு: தொறு (கால்நடை மந்தை) மீட்டல், அல்லது புலியுடன் போர். எங்கே, எப்போது என்ற இரண்டும் எஞ்சுகின்றன. அவற்றில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

இடத்தை எடுத்துக்கொள்வோம். தருமபுரி 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. கிருஷ்ணகிரி 2004ஆம் ஆண்டு பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து பிரிந்தது. அதனால், 1985இல் ஒருவர் தேன்கனிக்கோட்டைப் பக்கம் எடுத்த படத்தின் பின்னால் ‘தருமபுரி மாவட்டம்’ என்று எழுதியிருந்தால் அன்றைக்கு அது சரி. இன்றைக்குத் தேடுபவருக்கு அது கிட்டாது. 1965க்கு முந்திய படத்தில் ‘சேலம் ஜில்லா’ என்றே இருக்கும். வட்டங்களும் அவ்வப்போது பிரிக்கப்பட்டு வருகின்றன. ஆகவே சிற்றூர், ஊராட்சி, இன்றைய வட்டம், இன்றைய மாவட்டம் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதி, படத்தில் பழைய பெயர் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பகுதியில் புதூர், மோட்டூர், கொட்டாய் என்று முடியும் ஊர்கள் எத்தனை என்பது உங்களுக்கு நன்றாகவே தெரியும். ‘மோட்டூர் நடுகல்’ என்று மட்டும் எழுதிவைத்தால் அது எழுதாததற்குச் சமம்.

காலம் என்னும் கட்டத்தில் இரண்டு காலங்கள் கலந்துவிடும் ஆபத்து உண்டு. கல் நடப்பட்ட காலம் வேறு, படம் எடுத்த நாள் வேறு. கல்வெட்டின் மைப்படியை, அதாவது எழுத்தின் மேல் தாளை ஒற்றி மை பூசி எடுத்த படியை, படம் எடுத்திருந்தால் மைப்படி எடுத்த நாள் என்று மூன்றாவதாக ஒன்றும் வந்து சேரும். இவற்றுக்குத் தனித்தனி இடம் ஒதுக்காமல் ஒரே கட்டத்தில் எழுதினால், ‘ஏழாம் நூற்றாண்டு’ என்று தேடுபவருக்கும் ‘2011’ என்று தேடுபவருக்கும் குழப்பமே மிஞ்சும்.

நல்ல விளக்கம் என்பது இப்படி இருக்கலாம்: “ஏரிக்கரையின் கீழ்ப்புறம், கிழக்கு நோக்கி நிற்கும் நடுகல். வீரனின் இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள். காலருகே கெண்டியும் சிமிழும். மேற்பகுதியில் 4 வரி வட்டெழுத்து. மூன்றாம் வரியின் வலப்பக்கம் சிதைந்துள்ளது. ஊரார் வேடியப்பன் என வழிபடுகின்றனர். எண்ணெய் பூசியிருப்பதால் முதல் வரி தெளிவாக இல்லை. மாலைச் சாய்வெயிலில் எடுத்தது.” இதில் கடைசி இரண்டு வாக்கியங்களைப் பலர் தேவையற்றவை என்று நினைக்கக்கூடும். எழுத்து படிக்க முடியாமல் போனதற்குக் காரணம் கல்லின் சிதைவா, எண்ணெயா, வெளிச்சமா என்பது அடுத்த ஆய்வாளர் மீண்டும் அங்கே போக வேண்டுமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும். ‘நடுகல்’ என்ற சொல்லோடு ‘வேடியப்பன்’ என்ற சொல்லும் இருப்பதைக் கவனியுங்கள். ஆய்வாளர் முதல் சொல்லால் தேடுவார். அந்த ஊர்ப் பிள்ளை இரண்டாவதால்தான் தேடும்.

எதை முதலில் எடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அது முக்கியம். பழைய படத்திலிருந்து வரிசையாக வர வேண்டாம். நூல்களில் அச்சேறிய கல்வெட்டுகளின் படங்களை நாளை வேறொருவரும் ஒப்பிட்டு அடையாளம் கண்டுவிடுவார். எந்த நூலிலும் வராத, எந்த ஊர் என்று உங்கள் நினைவில் மட்டுமே இருக்கிற படங்களை முதலில் எடுத்து எழுதிவிடுங்கள்.

கேள்வி: இதற்கு எந்த மென்பொருள் நல்லது? விலை கொடுத்து வாங்க வேண்டுமா?
— காரிமங்கலம்

பதில்: வாங்க வேண்டியதில்லை. டிஜிகேம் என்னும் திறமூல (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருள் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இலவசமாக இயங்கும். எதைத் தேர்ந்தாலும் ஒரு சோதனை செய்யுங்கள்: நீங்கள் இட்ட குறிச்சொல் (படத்தைத் தேடி எடுக்க உதவும் சொல்) மென்பொருளின் தரவுத்தளத்தில் மட்டும் நிற்கிறதா, படக்கோப்பின் உள்ளேயே எழுதப்படுகிறதா என்று பாருங்கள். கேமரா தானாகவே நாள், நேரம், ஒளிக்கண் அளவு முதலியவற்றைப் படத்துக்குள் எழுதும் பகுதி எக்ஸிஃப் எனப்படும். தலைப்பு, விளக்கம், குறிச்சொல், எடுத்தவர், உரிமை ஆகியவற்றை நாம் எழுதுவதற்கு ஐபிடிசி, எக்ஸ்எம்பி என்னும் பகுதிகள் உள்ளன. டிஜிகேமின் அமைப்புகளில், குறிச்சொற்களையும் விளக்கத்தையும் கோப்பில் எழுதும் தெரிவை இயக்கிவிட வேண்டும். அப்போதுதான் நாளை அந்த மென்பொருள் இல்லாத கணினிக்குப் படம் போனாலும் குறிப்பும் உடன் போகும்.

கேள்வி: எங்கள் கல்லூரித் தமிழ்த் துறையின் படத் தொகுப்பை வரிசைப்படுத்தும் பணியில் இருக்கிறேன். ‘நடுகல்’ என்று தேடினால் ‘நடுகற்கள்’ என்று குறிப்பு உள்ளவை வருவதில்லை. ‘கோ’ என்ற எழுத்து வரும் சில ஊர்ப் பெயர்கள், கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தும் தேடலில் அகப்படுவதில்லை. பழைய குறிப்புகள் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. கணினிக்குத் தமிழ் தெரியவில்லையா?
— முதுகலை மாணவி, கிருஷ்ணகிரி

பதில்: நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று வேறு நோய்கள், மருந்தும் வேறு வேறு.

ஆங்கில எழுத்துகளாகத் தெரிபவை ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய எழுத்துருக்களில் தட்டியவை. அந்த எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவம் வைக்கப்பட்டிருந்தது. எழுத்துரு இருக்கும்வரை தமிழாகத் தெரியும். அது இல்லாத கணினியில் உண்மை வெளியே வந்துவிடும். எந்த எழுத்துருவில் தட்டியது என்று கண்டுபிடித்து, அதற்குரிய மாற்றியைக் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றுங்கள். தமிழ்நாடு அரசும் 2010இல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டுவிட்டதால், இனி வேறு எதிலும் தட்ட வேண்டிய தேவை இல்லை. மாற்றியதை ஒருமுறை கண்ணால் படித்துச் சரிபார்ப்பதைத் தவிர்க்க வேண்டாம். எண்களும் நிறுத்தற்குறிகளும் மாற்றத்தின்போது அடிக்கடி பிழையாகும்.

‘கோ’ அகப்படாததற்குக் காரணம் நுட்பமானது. ஒருங்குறியில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டி இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒருங்குறித் தரம் இரண்டையும் நிகரானவை என்றே சொல்கிறது. ஆனால் எல்லா மென்பொருளும் தேடுவதற்கு முன் அவற்றை ஒருநிலைப்படுத்துவதில்லை. ஒகர உயிர்மெய்யிலும் இதே நிலைதான். ஔகாரத்தில் இன்னொரு தொல்லை: ஒற்றைக் கொம்பும் ‘ள’ என்னும் முழு எழுத்தும் தட்டி ‘கௌ’ போலத் தோன்றச் செய்துவிடுகிறார்கள், அது நிகரானதும் அல்ல, பிழையே. ‘ஸ்ரீ’ என்பதற்கும் இரண்டு குறியீட்டு வரிசைகள் வழக்கில் உள்ளன. 2005இல் ஒருங்குறியில் ‘ஶ’ சேர்ந்ததிலிருந்து இந்தச் சிக்கல். குறிப்புகளை எல்லாம் ஒரு விரிதாளில் இறக்கி, ஒருநிலைப்படுத்தும் கருவி ஒன்றைக் கொண்டு ஒரே வடிவத்துக்கு மாற்றி, மீண்டும் ஏற்றிவிடுங்கள்.

‘நடுகற்கள்’ அகப்படாதது கணினியின் குறை என்பதைவிட நம் பழக்கத்தின் குறை என்பேன். விளக்கத்தில் வேற்றுமை உருபும் பன்மையும் வரட்டும், அது வாக்கியம். குறிச்சொல்லோ எப்போதும் ஒருமையில், உருபு ஏற்காத வடிவில் இருக்க வேண்டும். ‘நடுகல்’ என்றால் எல்லாப் படத்திலும் ‘நடுகல்’ என்றே இருக்கட்டும். இதைவிடப் பெரிய தொல்லை ஊர்ப் பெயர்களில் இருக்கிறது. ஓசூர், ஒசூர், ஹோசூர், தருமபுரி, தர்மபுரி, ஒகேனக்கல், ஹொகேனக்கல், கிருஷ்ணகிரி, கிருட்டிணகிரி. இவற்றில் எது சரி என்ற வாதத்தில் இறங்கினால் தொகுப்பு ஒருநாளும் முடியாது. ஒன்றைத் தலைமை வடிவமாகத் தேர்ந்து, மற்றவை அதற்கு மாற்று வடிவங்கள் என்று ஒரு பட்டியல் எழுதி, தட்டச்சு செய்யும் எல்லோர் மேசையிலும் ஒட்டிவிடுங்கள். நூலகத் துறையில் இதற்கு அதிகாரப் பட்டியல் என்று பெயர். புதிய சொல் தேவைப்பட்டால் பட்டியலில் சேர்த்த பிறகே படத்தில் இடலாம் என்ற கட்டுப்பாட்டைத் துறையில் ஒருவர் பொறுப்பில் விடுவது நல்லது. இரண்டு பேர் பொறுப்பேற்றால் இரண்டு பட்டியல் உருவாகிவிடும்.

கேள்வி: அப்பா காலத்திலிருந்து ஸ்டுடியோ நடத்துகிறோம். திருமணம், காதுகுத்து, பள்ளிக்கூட குரூப் போட்டோ என்று நெகட்டிவ்கள் அட்டைப்பெட்டிகளில் நிறைந்து கிடக்கின்றன. ஸ்கேன் செய்யலாம் என்று மகன் சொல்கிறான். எந்த அளவில் செய்வது? அவற்றை இணையத்தில் வெளியிடலாமா?
— காவேரிப்பட்டினம்

பதில்: நெகட்டிவைத் தொடுவதற்கு முன் உங்கள் பழைய பில் புத்தகங்களைத் தேடி எடுங்கள். நெகட்டிவ் உறையின் மேல் எழுதிய பில் எண்ணும், புத்தகத்தில் அந்த எண்ணுக்கு எதிரே உள்ள பெயர், ஊர், தேதி ஆகியவையுமே உங்கள் தொகுப்பின் ஆயத்த அட்டவணை. எனவே முதல் ஸ்கேன் அந்தப் புத்தகத்துக்குத்தான். நெகட்டிவின் டிஜிட்டல் கோப்புக்கும் அந்தப் பில் எண்ணையே பெயரின் பகுதியாக வைத்துவிட்டால், 1987இல் திருமணம் செய்துகொண்டவரின் பேத்தி வந்து கேட்டாலும் சில நிமிடத்தில் எடுத்துத் தரலாம். உறையிலிருந்து நெகட்டிவைப் பிரிக்கும் நேரத்தில்தான் இத்தகைய தொகுப்புகள் பெரும்பாலும் அநாதையாகின்றன. உறையையும் சேர்த்து ஒரு படம் எடுத்துவிட்டுப் பிறகு பிரியுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, 35 மில்லிமீட்டர் நெகட்டிவை அங்குலத்துக்கு 3000 முதல் 4000 புள்ளி வரை ஸ்கேன் செய்வது தகும். அச்சிட்ட படமென்றால் 600 போதும். 6-க்கு 4 அங்குல அச்சுப்படம் அந்த அளவில் 3600-க்கு 2400 புள்ளிகளாகும். சுருக்காத வண்ண டிஃப் கோப்பாகச் சேமித்தால் ஏறத்தாழ 26 எம்பி இடம் பிடிக்கும். பத்தாயிரம் படங்களுக்கு 260 ஜிபி; இன்றைய வன்தட்டுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. எனவே மூலப்பிரதியை டிஃப் வடிவிலேயே வையுங்கள். ஜேபெக் என்பது கண்ணுக்கு எளிதில் புலப்படாத விவரங்களைக் கழித்துவிட்டுக் கோப்பைச் சுருக்கும் முறை. திறந்து திருத்தி மீண்டும் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் மேலும் கொஞ்சம் கழியும். வாடிக்கையாளருக்கு அனுப்பவும் திரையில் பார்க்கவும் மூலத்திலிருந்து ஜேபெக் நகல் எடுத்துக்கொள்ளலாம். நிறம் திருத்துவது, கீறல் நீக்குவது எல்லாம் நகலில்தான். ஸ்கேனர் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் மிகப் பெரிய எண்ணை நம்பி விலை பேச வேண்டாம். அதில் பெரும்பகுதி மென்பொருள் ஊகித்து இடையில் நிரப்பும் புள்ளிகள்.

பெட்டியைத் திறந்ததும் புளித்த காடி வாடை வந்தால், அந்த நெகட்டிவ்களின் அசிட்டேட் தளம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த வாடை பக்கத்திலுள்ள சுருளையும் கெடுக்கும். அவற்றைத் தனியே பிரித்து வைத்து, முதல் வரிசையில் ஸ்கேன் செய்யுங்கள். எண்பதுகளின் வண்ண அச்சுப்படங்கள் சிவந்துபோயிருந்தால், நீலப்பச்சைச் சாயம் மற்றவற்றைவிட விரைவாக மங்கியதே காரணமாக இருக்கும். ஸ்கேன் செய்த பின் ஓரளவு சரிசெய்யலாம்.

இணையத்தில் வெளியிடுவதில் நிதானம் வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் பணம் கொடுத்துத் தம் வேண்டுகோளின்பேரில் எடுக்கச் செய்த படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாதபோது, முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவரே. நெகட்டிவ் உங்களிடம் இருக்கிறது என்பதால் உரிமையும் உங்களிடம் இருப்பதாகாது. கடைத்தெரு, தேர்த்திருவிழா என்று உங்கள் அப்பா தம் விருப்பத்தில் எடுத்தவை வேறு கணக்கு. அவற்றைத் தாராளமாக வெளியிடலாம். குடும்பப் படங்களை அந்தந்தக் குடும்பத்தைக் கேட்டுவிட்டே வெளியிடுங்கள். மணமக்களில் ஒருவர் இன்று உயிரோடு இல்லை என்றால், அந்தப் படம் வீட்டாருக்கு எப்படிப்பட்டது என்பதைச் சட்டம் சொல்லாது.

கேள்வி: எங்கள் ஊர்த் திருவிழாப் படங்களை எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் போட்டு வைத்திருக்கிறோம். அதுவே சேமிப்பாகப் போதாதா?
— பாலக்கோடு

பதில்: போதாது. வழக்கமான முறையில் அனுப்பும்போது வாட்ஸ்அப் படத்தின் அளவைக் குறைக்கிறது. படத்துக்குள் இருந்த நாள், இடம் முதலிய விவரங்களையும் நீக்கிவிடுகிறது. கோப்பின் பெயரில் காணும் தேதி வாட்ஸ்அப் வழியே வந்த நாளைக் குறிப்பது. தேர் ஓடிய நாள் அதுவாக இருக்க வேண்டியதில்லை. எடுத்தவரிடமிருந்து மூலக்கோப்பை ‘ஆவணம்’ என்னும் தெரிவின் வழியாகவோ பென் டிரைவிலோ வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கூகுள் ஃபோட்டோஸில் ‘மாடு’ என்று தட்டினால் மாட்டுப் படங்கள் எல்லாம் வந்துவிடுகின்றன. செயற்கை நுண்ணறிவு இவ்வளவு வளர்ந்த பிறகும் உட்கார்ந்து குறிச்சொல் எழுதச் சொல்வது வீண் வேலை அல்லவா?
— மென்பொருள் பொறியாளர், ஓசூர்

பதில்: மாட்டைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு உட்கார்ந்து எழுதுவது வீண் வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். படத்தில் கண்ணுக்குத் தெரிவதை இயந்திரம் நன்றாகவே சொல்லும். அந்த மாடு எருதுவிடும் விழாவுக்கு வந்ததா, சந்தைக்கு வந்ததா, எந்த ஊர்ச் சந்தை, எந்த ஆண்டு என்பவை படத்தின் புள்ளிகளுக்குள் இல்லை. இல்லாததை இயந்திரம் எப்படிப் படிக்கும்? நடுகல்லைக் காட்டினால் ‘சிலை’ என்றோ ‘கோயில்’ என்றோ சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். எனவே பொதுச் சொற்களை இயந்திரம் இடட்டும்; இடம், நிகழ்வு, நபர் ஆகியவற்றை மனிதர் இடுவதே முறை. இரண்டையும் ஒரே கட்டத்தில் கலக்காதீர்கள். இயந்திரம் இட்டவற்றைத் தனிப் பிரிவில் வைத்தால், பிழை தெரியும்போது ஒரேயடியாக நீக்க முடியும்.

சேவையைப் பற்றியும் இரண்டு செய்திகள். 2021 ஜூன் 1 முதல் கூகுள் ஃபோட்டோஸில் ஏற்றும் படங்கள், கணக்குக்கு இலவசமாகத் தரும் 15 ஜிபியில் சேர்த்து எண்ணப்படுகின்றன. அதற்கு முன் இருந்த அளவில்லா இலவச ஏற்பாடு முடிந்துவிட்டது. இலவசத்தை நம்பி ஏற்றியவர்கள் நிறுவனத்தின் ஒரு முடிவால் சந்தா கட்ட வேண்டிய நிலைக்கு வந்தார்கள். அடுத்தது, அங்கே நீங்கள் எழுதிய விளக்கங்கள், மொத்தமாகப் பதிவிறக்கும்போது படத்துக்குள் இல்லாமல் தனித்தனிக் குறிப்புக் கோப்புகளாக வருகின்றன. அவற்றைப் படத்தோடு மீண்டும் இணைப்பது உங்களைப் போன்ற பொறியாளருக்கு ஒரு மாலை வேலையாக இருக்கலாம். உங்கள் அம்மாவால் முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: படங்களைக் குறுந்தகட்டில் எழுதி வைத்திருந்தோம், இப்போது பாதி திறக்கவில்லை. வன்தட்டில் போட்டால் நிலைக்குமா? எதில் வைத்தால் நூறு ஆண்டு இருக்கும்?
— பள்ளி நூலகப் பொறுப்பாளர், பென்னாகரம்

பதில்: ஒருமுறை வைத்துவிட்டு மறந்துபோகத்தக்க பொருள் எதுவும் இல்லை. எழுதத்தக்க குறுந்தகட்டில் தகவல் ஒரு சாயப்படலத்தில் பதிகிறது. வெப்பமும் வெளிச்சமும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். பென் டிரைவும் திடநிலை வட்டும் மின்னூட்டத்தில் தகவலை வைத்திருப்பவை. மின்சாரம் படாமல் பல ஆண்டு அலமாரியில் கிடந்தால் அது கசிந்துவிடக்கூடும். சுழலும் வன்தட்டு எந்நாளும் நின்றுபோகலாம். ஆகவே கேள்வியைச் சற்று மாற்றிக்கொள்ளுங்கள்: எத்தனை பிரதி, எங்கெங்கே, யார் எப்போது சரிபார்ப்பது?

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கிய 3-2-1 விதி எளிமையானது. மொத்தம் 3 பிரதிகள், அவை 2 வகை ஊடகத்தில், அவற்றில் 1 வேறு இடத்தில். பள்ளிக் கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, மேகச் சேமிப்பில் ஒன்று என்று வைக்கலாம். இணைய வேகம் போதாத ஊர் என்றால் மூன்றாவதை இன்னொரு வன்தட்டில் எழுதி, சேலத்திலோ பெங்களூரிலோ இருக்கும் நம்பகமானவர் வீட்டில் கொடுத்து வையுங்கள். பள்ளிக்குள்ளேயே இரண்டு அறைகளில் வைப்பது வேறு இடமாகாது. இடியும் கசிவும் திருட்டும் கட்டடம் பார்த்தே வருகின்றன. மேகச் சேமிப்புடன் தானாக ஒத்திசையும் கோப்புறையை மட்டும் நம்ப வேண்டாம்: ஒரு மாணவர் கை தவறி அழித்தால், அந்த அழிப்பும் உடனே ஒத்திசைந்துவிடும்.

பிரதிகள் நல்ல நிலையில் உள்ளனவா என்று எப்படி அறிவது? ஒவ்வொரு படத்தையும் திறந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதற்காகவே சரிபார்ப்புத்தொகை என்னும் முறை உள்ளது. ஷா-256 என்னும் கணக்கீடு எந்தக் கோப்பையும் படித்து 64 இடங்கள் கொண்ட ஒரு குறியீட்டைத் தரும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்தக் குறியீடு வேறாகிவிடும். இன்று எல்லாக் கோப்புகளுக்கும் கணக்கிட்டு ஒரு பட்டியலாகச் சேமியுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, கோடை விடுமுறைக்கு முன் என்று வைத்துக்கொள்ளலாம், மூன்று பிரதியிலும் மீண்டும் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். மாறியிருக்கும் கோப்பை மாறாத பிரதியிலிருந்து மீட்டெடுங்கள். இதைத் தானே செய்யும் இலவச நிரல்கள் உண்டு. ஆனால் ஒன்று: படத்துக்குள் குறிச்சொல் எழுதினாலும் சரிபார்ப்புத்தொகை மாறும். குறிப்பு எழுதும் வேலை முடிந்த தொகுதிக்கே பட்டியல் எடுக்க வேண்டும். பிறகு திருத்தினால் பட்டியலையும் புதுப்பிக்க வேண்டும்.

வன்தட்டை ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதற்குப் பள்ளியின் செலவுத் திட்டத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள். திறக்காத குறுந்தகடுகளைத் தூக்கி எறிய வேண்டாம். வேறு கணினியின் இயக்கியில் அவை சில வேளைகளில் படிக்கப்படுகின்றன. இந்த மாதமே முயன்று பாருங்கள்.

கேள்வி: கைப்பேசியில் எடுத்த படத்தில் ஜிபிஎஸ் இடக்குறிப்பு பதிந்துவிடுகிறது. எங்கள் மலைப்பகுதியில் உள்ள கல்திட்டைகள் (பழங்கால ஈமச் சின்னங்கள்), பாறை ஓவியங்கள், நடுகற்கள் ஆகியவற்றின் படங்களைப் பொதுவில் பகிர்கிறோம். அதனால் கெடுதல் வருமா?
— தேன்கனிக்கோட்டை

பதில்: வரலாம். கல்திட்டைக்குக் கீழே புதையல் இருக்கிறது என்று நம்பித் தோண்டுபவர்கள் நம் பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். காவல் இல்லாத காட்டில் நிற்கும் ஒரு கல்லின் துல்லியமான இடத்தை உலகத்துக்குச் சொல்வதால் ஆய்வுக்குக் கிடைக்கும் நன்மையைவிட அதற்கு வரும் ஆபத்து அதிகம் என்பது என் கருத்து. அதற்காகக் கைப்பேசியில் இடக்குறிப்பை நிறுத்திவிட வேண்டாம். மூலக்கோப்பில் அது இருந்தே ஆக வேண்டும். சாலை அகலப்படுத்தும்போதோ ஏரி தூர்வாரும்போதோ கல் இடம் மாறிவிட்டால், அது முதலில் எங்கே நின்றது என்று சொல்ல அந்த எண்களைத் தவிர வேறு சாட்சி இருக்காது.

வெளியிடும் நகலில் மட்டும் இடக்குறிப்பை நீக்குங்கள். டிஜிகேமிலும் எக்ஸிஃப்டூல் என்னும் இலவச நிரலிலும் நூற்றுக்கணக்கான நகல்களுக்கு ஒரே கட்டளையில் இதைச் செய்யலாம். அருங்காட்சியகத்தில் இருப்பவை, ஊர் நடுவே கோயிலாக வழிபடப்படுபவை ஆகியவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை. மற்றவற்றுக்கு வட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொண்டு, துல்லியமான இடம் தேவைப்படும் ஆய்வாளர் கடிதம் எழுதிக் கேட்கட்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். படத்தின் பின்புலத்தையும் பாருங்கள்: பெயர்ப்பலகையோ, செல்பேசிக் கோபுரமோ, தனித்துத் தெரியும் குன்றின் உச்சியோ விழுந்திருந்தால், எண்களை நீக்கியும் பயனில்லை. அப்படிப்பட்ட படத்துக்குப் பதிலாகக் கல்லை மட்டும் நெருங்கி எடுத்த படத்தை வெளியிடுங்கள்.